தாய்ப்பாலில் பிள்ளைக்கு இல்லாத பங்கு

எங்கள் பக்கம் கைக்குழந்தை இருக்கிற வீடு எது என்று சரியாகத் தெரிந்து வருகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் கிராம சுகாதார செவிலியர், இன்னொருவர் கழுதைப்பால்காரர். நர்சம்மாவிடம் பதிவேடு இருக்கிறது. பால்காரருக்குக் கொடியில் காய்கிற துணி போதும். தர்மபுரி மாவட்டக் காரிமங்கலத்தில் எங்கள் தெருவுக்குள் அவர் கழுதையையும் குட்டியையும் ஓட்டிக்கொண்டு நுழைந்தால், "கழுதப் பாலு, கழுதப் பாலேய்" என்ற குரல் நாலு தெருவுக்குக் கேட்கும். சளி பிடிக்காது, மாந்தம் வராது, காமாலை அண்டாது, எதிர்ப்பு சக்தி ஏறும் என்று வரிசையாகச் சொல்வார். ஒரு சங்கு 50 ரூபாய். அங்கேயே கறந்து, காய்ச்சாமல், கறந்த சூட்டோடு குழந்தை வாயில் ஊற்றுவதுதான் முறை.

தங்கை பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்த சமயம், அம்மா சங்கைக் கழுவி எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். தங்கைக்கு சிசேரியன். தொற்று இருக்கலாம் என்ற சந்தேகத்தில் குழந்தையைப் பச்சிளம் குழந்தைகள் பிரிவில் வைத்து, ஆன்டிபயாடிக் ஊசி போட்டு, தேறிய பிறகு அனுப்பியிருந்தார்கள். பார்க்க வந்தவர்கள் எல்லாம் "வயித்தக் கிழிச்சு எடுத்த புள்ள, சத்து கம்மியாத்தான் இருக்கும், எதாச்சும் குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நான் குறுக்கே நின்று வேண்டாம் என்றேன். அம்மா திருப்பிக் கேட்டாள்: "உனக்கும் உந்தங்கச்சிக்கும் இதே சங்குலதான் ஊத்தினேன். ரெண்டு பேரும் நல்லாத்தான இருக்கீங்க?"

ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுவரில் எழுதியிருப்பதை நானும் படித்திருக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்புக்கு உயிரியல் நடத்துகிறவள் நான். ஆனால் அம்மா கேட்டது வேறு. ஒரே ஒரு சங்கு, ஒரே ஒரு தடவை, அதனால் என்னதான் கெட்டுப்போகும்? சட்டம் சொல்வதுபோல் "கூடாது" என்று சொல்லி அவளை மடக்க எனக்கு மனமில்லை. இரண்டு பிள்ளைகளையும், மூன்று மாடுகளையும், எத்தனையோ கன்றுகளையும் வளர்த்தவள் அவள். அவளுக்குக் காரணம் சொல்ல வேண்டும். அந்தக் காரணத்தைத் தேடித்தான் குழந்தையின் வயிற்றுக்குள் இருக்கிற பாக்டீரியாக்களைப் பற்றி ராத்திரிகளில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன்.

துணியில் தெரிவது

குழந்தையின் துணியை அம்மா சும்மா அலசிப் போடமாட்டாள். பின்கட்டு வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பாள். அரைத்த மஞ்சள் நிறம், நடுவில் சின்னச் சின்னத் திரி, புளித்த மோர் வாசனை. இந்த மூன்றும் இருந்தால் "வயிறு சரியா இருக்கு" என்று துணியை நனைப்பாள். பச்சையாக நுரைத்திருந்தால் தங்கை என்ன சாப்பிட்டாள் என்று விசாரணை நடக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் அவளுக்குத் திருப்தியே இல்லை. "தாய்ப்பால்தான் குடிக்குது, ஆனா வாடை வேற மாதிரி இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அந்தப் புளித்த வாசனைக்குக் காரணம் அமிலம். தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குழந்தையின் குடலில் பைஃபிடோபாக்டீரியா என்கிற வகை பெருகும்போது அசிட்டிக் அமிலமும் லாக்டிக் அமிலமும் உண்டாகின்றன. 1899-இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் ஹென்றி டிஸியே என்பவர், தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளின் மலத்தில் இருந்துதான் இதை முதன்முதலில் பிரித்தெடுத்தார். இரண்டாகக் கிளைத்த கவட்டைபோல் இருந்ததால் அந்தப் பெயர். வயிற்றுப்போக்கு வந்த குழந்தைகளிடம் இது குறைவாக இருப்பதையும் அவர் கவனித்தார். குடல் அமிலமாக இருந்தால், நோய் உண்டாக்கக்கூடிய பல கிருமிகள் அங்கே தலையெடுக்க முடியாது. அதனால் மலத்தின் அமிலத்தன்மையை வைத்தே ஒரு கணக்குப் போடலாம். 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, 1926-இலிருந்து பதிவான பழைய அளவீடுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தது. 1920-களில் 5 என்ற அளவில் இருந்த பி.எச்., இன்றைய அமெரிக்கக் குழந்தைகளிடம் 6.5 வரை ஏறியிருக்கிறது. எண் ஏறினால் புளிப்பு இறங்குகிறது என்று பொருள். பிறந்ததுமே கொடுக்கும் ஆன்டிபயாடிக், சிசேரியன், புட்டிப்பால் என்று பலதும் சேர்ந்து பைஃபிடோவின் இடத்தைச் சுருக்கியிருக்கின்றன. அம்மா மூக்கால் கண்டுபிடித்ததும் இதைத்தான். அதைச் சொன்னபோது அவள் பெரிதாக ஆச்சரியப்படவில்லை.

யாருக்கு அந்தப் பங்கு?

என்னை உலுக்கியது அடுத்துப் படித்தது. தாய்ப்பாலில் தண்ணீரைக் கழித்துவிட்டுப் பார்த்தால், அதிகமாக இருப்பது லாக்டோஸ். அடுத்தது கொழுப்பு. மூன்றாவது இடத்தில் ஒலிகோசாக்கரைடு எனப்படும் சர்க்கரைச் சங்கிலிகள். லிட்டருக்கு 5 முதல் 15 கிராம் வரை இருக்கும், சீம்பாலில் 20 கிராமுக்கு மேலும் போகும். இதுவரை 150-க்கும் மேற்பட்ட வகைகளைப் பிரித்து அறிந்திருக்கிறார்கள். பசும்பாலில் இவை மிகச் சொற்பம். சரி, இவ்வளவு இருக்கிறதே, குழந்தைக்கு இதனால் என்ன சத்து என்று கேட்டால், நேரடியாக எதுவும் இல்லை. இந்தச் சங்கிலிகளை உடைக்கிற நொதி குழந்தையின் குடலில் கிடையாது. கிட்டத்தட்ட அப்படியே செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய்ச் சேருகிறது.

பிரசவித்த உடம்பு, ரத்தம் இழந்த உடம்பு, அரை வயிற்றுக் கஞ்சியோடு இருந்தாலும் பிள்ளைக்குப் பால் சுரக்கிற உடம்பு, பிள்ளைக்குச் செரிக்காத ஒன்றை ஏன் இவ்வளவு பாடுபட்டுச் செய்ய வேண்டும்? கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் புரூஸ் ஜெர்மன், டேவிட் மில்ஸ், கார்லிட்டோ லெப்ரில்லா ஆகியோர் இந்தக் கேள்வியைத்தான் விடாமல் துரத்தினார்கள். அந்தச் சர்க்கரையை முழுதாகத் தின்று தீர்க்கக்கூடிய ஒரு பாக்டீரியா இருக்கிறது. பைஃபிடோபாக்டீரியம் இன்ஃபான்டிஸ். சங்கிலிகளைச் செல்லுக்குள் இழுத்துக்கொள்ளவும், உள்ளே வைத்துத் துண்டு போடவும் தேவையான மரபணுக்கள் எல்லாம் அதனிடம் உள்ளன. மற்ற கிருமிகளில் பெரும்பாலானவை இதைத் தொட்டுக்கூடப் பார்க்க முடியாது. தாயின் உடம்பு பிள்ளைக்கு ஒரு பங்கும், பிள்ளையின் வயிற்றில் குடியிருக்க வேண்டிய கிருமிக்கு ஒரு பங்கும் சேர்த்தே பால் சுரக்கிறது. இதைப் படித்துவிட்டு எழுந்து போய், தங்கை அரைத் தூக்கத்தில் பால் கொடுத்துக்கொண்டிருந்ததைக் கதவோரம் நின்று பார்த்தேன். தாய்ப்பால் ஒரு உணவு என்று மட்டும்தான் அதுவரை நான் வகுப்பில் சொல்லி வந்திருந்தேன்.

எதிர்ப்பு சக்தி எங்கிருந்து வருகிறது என்பதற்கும் இங்கேதான் வழி திறக்கிறது. நம் உடம்பின் நோய் எதிர்ப்புச் செல்களில் பெரும் பங்கு குடலை ஒட்டித்தான் இருக்கிறது. கிருமியே இல்லாத அறையில் வளர்க்கப்படும் எலிகளுக்கு அந்த அமைப்பு அரைகுறையாகவே வளர்கிறது. எதை எதிர்க்க வேண்டும், எதைச் சும்மா விட வேண்டும் என்பதைக் கற்றுக்கொடுக்க ஆளில்லாமல் போய்விடுகிறது. 2021-இல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த பெட்டர் புரோடின் குழுவினர், பைஃபிடோ நிறைந்த குழந்தைகளையும் அது குறைந்த குழந்தைகளையும் ஒப்பிட்டார்கள். குறைந்தவர்களின் ரத்தத்தில் அழற்சிக்கான அறிகுறிகள் அதிகம். இன்ஃபான்டிஸ் கொடுக்கப்பட்ட குழந்தைகளின் குடலில் இண்டோல் லாக்டிக் அமிலம் என்ற பொருள் கூடியது. ஒவ்வாமை, ஆஸ்துமா பக்கம் இழுக்கிற எதிர்ப்புச் செல்களின் வேகத்தை அது தணிக்கிறது. எதிர்ப்பு சக்தி என்றால் எந்நேரமும் சண்டைக்கு நிற்பது என்றுதான் நாம் நினைக்கிறோம். சண்டை வேண்டாத இடத்தில் அடங்கி நிற்கக் கற்பதும் அதில் பாதி. அதைக் கற்கிற வயது முதல் சில மாதங்கள்.

கன்றுக்குட்டிக் கணக்கு

இதையெல்லாம் அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, வழி தொழுவத்திலேயே இருந்தது. எங்கள் பக்கத்தில் மாடு கன்று போட்டால், ஈன்ற சூடு ஆறுவதற்குள் கன்றை மடியில் விட்டுவிடுவார்கள். சீம்பாலில் கொஞ்சம் வீட்டுக்குக் கறந்து, வெல்லம் போட்டு வேகவைத்துத் தின்பதெல்லாம் கன்று குடித்த பிறகுதான். ஒருநாள் அவளிடமே கேட்டேன், சீம்பாலைக் கன்றுக்கு விடாமல் நாமே கறந்துவிட்டால் அது என்ன ஆகும் என்று. "கழிஞ்சே போயிடும். நிக்காது" என்றாள் சட்டென்று. அது சரியான பதில். மாட்டின் நஞ்சுக்கொடி வழியாகக் கன்றுக்கு எதிர்ப்புப் பொருள் போவதில்லை. அத்தனையும் சீம்பாலில்தான் வருகிறது. மனிதக் குழந்தைக்கு ஒரு பகுதி கருவிலேயே கிடைத்துவிடும். ஆனால் குடலின் உள்சுவரைக் காக்கிற ஐ.ஜி.ஏ. என்ற எதிர்ப்புப் பொருள் சீம்பாலில்தான் குவிந்து வருகிறது.

அப்புறம் அவளே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னாள்: "எனக்கு மொதப் பாலப் பீச்சி சுவத்துல அடிக்கச் சொன்னாங்க. கெட்டிப் பாலு, புள்ளைக்கு ஆவாதுன்னு எங்க மாமியா சொன்னாங்க. மூணு நாளு சக்கரத் தண்ணிதான்." கன்றுக்கு விட்டதை மகளுக்கு விடவில்லை. இதை அவள் குறையாகச் சொல்லவில்லை, நானும் குறையாகக் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் பிரசவித்த பெண்ணின் கட்டிலைச் சுற்றி முடிவெடுக்கிறவர்கள் வேறு ஆட்கள். இன்றைக்கும் அப்படித்தான். ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளியாத பெண்ணுக்குப் பக்கத்தில் குழந்தையை முதலில் கையில் வாங்குவது ஒரு பாட்டியோ, அத்தையோ, பெரியம்மாவோதான். சேனை வைக்கிற ஸ்பூன் அவர்கள் கையில் இருக்கிறது. தாய்ப்பாலைப் பற்றிய பேச்சு முழுவதையும் தாயிடமே பேசிக்கொண்டிருப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

கழுதைப்பாலை முழுப் பொய் என்று தள்ளவும் மனம் ஒப்பவில்லை. பாலூட்டிகளின் பாலில் லாக்டோஸ், புரதம் இரண்டிலும் தாய்ப்பாலுக்கு நெருங்கி வருபவற்றில் கழுதைப்பாலும் ஒன்று. கிருமியைக் கரைக்கும் லைசோசைம் அதில் தாராளமாகவே உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் பாரிஸின் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் கழுதைகளைக் கட்டி வைத்து, தாயில்லாத குழந்தைகளுக்கு நேரடியாக மடியிலேயே குடிக்கக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் கொழுப்பு மிகக் குறைவு. அதைக் குடித்து எடை ஏறாது. இன்ஃபான்டிஸுக்கான அந்தச் சர்க்கரையும் தாய்ப்பாலில் இருக்கிற அளவுக்கு இருக்காது. இதற்கெல்லாம் மேலாக, தெருத்தெருவாக நடந்து வந்த கழுதையின் மடி, கறக்கிற கை, வீட்டுக்கு வீடு மாறுகிற சங்கு இவற்றில் ஒட்டியிருப்பது எல்லாம் காய்ச்சாத பாலோடு நேராகக் குழந்தையின் வயிற்றுக்குப் போகிறது. அந்த வயிற்றில் இடம் இன்னும் நிரம்பவில்லை. முதலில் வந்து உட்காருகிறவர்களுக்கு அங்கே வாய்ப்பு அதிகம்.

இடம் நிரம்பாத குடல் எவ்வளவு பலவீனமானது என்பதற்குத் தேன் ஒரு சாட்சி. கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் சில சமயம் தேனில் இருக்கும். பெரியவர்கள் தின்றால் ஒன்றும் ஆகாது. நம் குடலில் ஏற்கனவே இருக்கிற கூட்டம் அவற்றை முளைக்க விடாது. ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தையின் குடலில் அவை முளைத்து, நஞ்சைச் சுரந்து, கழுத்து நிற்காமல், பால் உறிஞ்ச முடியாமல், மூச்சுவரை முடக்கிவிட முடியும். குழந்தைகளுக்கு இப்படி வருவதை 1976-இல்தான் மருத்துவம் கண்டுகொண்டது. அபூர்வமானதுதான், ஆனாலும் நாக்கில் தேன் தடவுகிற வழக்கத்தை விட்டுவிட இது ஒன்றே எனக்குப் போதும். "ஒரு சொட்டுதானே" என்ற கேள்விக்கு என் பதிலும் இதிலிருந்துதான் கிடைத்தது. ஒரு சங்கால் எல்லாமே கெட்டுவிடும் என்று நான் சொல்லவில்லை. எங்கள் வீடுகளில் எதுவும் ஒரு சங்கோடு நிற்பதில்லை. சர்க்கரைத் தண்ணி, தேன், கிரைப் வாட்டர், உரைமருந்து, கழுதைப்பால் என்று வருகிறவர்கள் ஆளுக்கு ஒன்றாய் அன்பைக் காட்ட, ஆறு மாதத்துக்குள் அந்தச் சின்ன வயிறு எல்லாவற்றுக்கும் வாசல் திறந்து கொடுக்க வேண்டியதாகிறது.

அறுத்து எடுத்த பிள்ளை

தங்கை அழுதது பால் விஷயத்துக்காக இல்லை. "வயித்தக் கிழிச்சு எடுத்தது" என்ற பேச்சுக்காகத்தான். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். இந்திய அளவில் அது 21.5. தேவையில்லாமல் நடக்கும் அறுவைகளைப் பற்றி அரசும் மருத்துவர்களும் பேசத்தான் வேண்டும். ஆனால் மேசையில் கிடத்தப்பட்ட பெண்ணிடம் அந்தக் கணக்கைக் கேட்கக் கூடாது. சிசேரியன் குழந்தைகளின் குடலில் தொடக்கத்தில் வேறு கூட்டம் சேர்கிறது என்பது உண்மைதான். 2010-இல் மரியா குளோரியா டொமிங்கெஸ்-பெல்லோ குழுவினர், அவர்கள் உடலில் தோலில் காணப்படும் கிருமிகள் அதிகம் இருப்பதைக் காட்டினார்கள். 2019-இல் பிரிட்டனில் கிட்டத்தட்ட 600 குழந்தைகளைப் பார்த்த ஆய்வும் தொடக்கத்தில் வித்தியாசம் இருப்பதை உறுதிப்படுத்தியது, பாக்டீராய்டஸ் என்ற வகை அவர்களிடம் மிகக் குறைவு என்றும் சொன்னது. அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது. மாதங்கள் போகப் போக, இணை உணவு தொடங்கும் வயதை ஒட்டி, வித்தியாசத்தின் பெரும்பகுதி குறைந்துவிடுகிறது. இதைத் தங்கைக்கு மூன்று தடவை படித்துக் காட்டினேன். பிறந்த விதத்தை இனி மாற்ற முடியாது. பால் இருக்கிறது, மார்போடு அணைத்துக்கொள்ள உடம்பு இருக்கிறது, வேண்டாத ஆன்டிபயாடிக்கைத் தவிர்க்கிற வழி இருக்கிறது.

கிருமிகளை வெளியிலிருந்தே ஊற்றிவிடலாமே என்று உடனே தோன்றும். அதற்கு நம் நாட்டிலேயே பெரிய சோதனை ஒன்று நடந்திருக்கிறது. ஒடிசாவின் கிராமங்களில் பினாகி பாணிக்ரஹி குழுவினர், பிறந்த 4,500-க்கும் மேற்பட்ட குழந்தைகளில் ஒரு பாதிக்கு ஒரு குறிப்பிட்ட லாக்டோபாசில்லஸ் பிளான்டாரம் பாக்டீரியா ரகத்தையும் அதற்கு உணவான ஒரு சர்க்கரையையும் 7 நாட்கள் மட்டும் கொடுத்தார்கள். எல்லாரும் தாய்ப்பால் குடிக்கிற, ஓரளவு எடையுள்ள, நோய் அறிகுறி இல்லாத குழந்தைகள். கொடுக்கப்படாதவர்களில் 9 சதவீதம் பேருக்கு ரத்தத் தொற்று அல்லது மரணம். கொடுக்கப்பட்டவர்களில் 5.4 சதவீதம். 2017-இல் நேச்சர் இதழில் இது வெளியானது. பச்சிளம் குழந்தைகளைத் தொற்றுக்குப் பறிகொடுத்த வீடுகள் எங்கள் மாவட்டத்தில் எத்தனையோ உண்டு. அந்த எண்களைப் படிக்கும்போது கண் கலங்கிவிட்டது.

ஆனால் அதை வைத்துக்கொண்டு மருந்துக்கடையில் கிடைக்கிற ஏதோ ஒரு பாக்கெட்டைக் கரைத்துக் கொடுப்பது வேறு. ஒடிசாவில் வேலை செய்தது ஒரு குறிப்பிட்ட ரகம், குறிப்பிட்ட குழந்தைகளிடம். குறைமாதக் குழந்தைகளுக்கு ப்ரோபயாடிக்கே, அதாவது நல்லது என்று கொடுக்கிற உயிருள்ள கிருமிகளே, ரத்தத் தொற்றாக மாறக்கூடும் என்று 2023-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தது. வேலூரிலும் பாடம் இருக்கிறது. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸுக்கான தடுப்புச் சொட்டு மருந்து பணக்கார நாடுகளில் பலனளிக்கிற அளவுக்கு நம் குழந்தைகளிடம் பலனளிப்பதில்லை. வேலூரும் ஒரு மையமாக இருந்த இந்தியத் தடுப்பு மருந்தான ரோட்டாவேக்கின் சோதனையில், முதல் வருடத்தில் ரோட்டாவால் வரும் கடுமையான வயிற்றுப்போக்கைத் தடுத்தது சுமார் 56 சதவீதம். (அதுவே பல உயிர்களைக் காக்கிறது, தவறாமல் போட வேண்டும்.) ப்ரோபயாடிக்கும் துத்தநாகமும் கொடுத்தால் வாய்வழித் தடுப்பு மருந்துகளின் பலன் கூடுமா என்று வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதித்துப் பார்த்தார்கள். பெரிய மாற்றம் வரவில்லை. சுத்தமான தண்ணீர், கழிப்பிடம், தாயின் ஊட்டம் எல்லாம் சேர்ந்து உருவாக்குகிற குடலை ஒரு பொட்டலத்தால் திருத்திவிட முடியாது.

ஆன்டிபயாடிக் விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. குழந்தைக்கு லேசான சளி. மருந்துக்கடையில் போய் விவரம் சொன்னால், சீட்டு கேட்காமல், தண்ணீர் கலக்கிக் குலுக்குகிற பொடி பாட்டில் ஒன்றை எடுத்து நீட்டுகிறார்கள். சளி பெரும்பாலும் வைரஸ். அதற்கு அந்த மருந்து ஒன்றும் செய்யாது. வயிற்றில் சிரமப்பட்டுச் சேர்ந்த கூட்டத்தைத்தான் கலைக்கும். ஆஸ்பத்திரியில் எங்கள் குழந்தைக்குப் போட்ட ஊசியைப் பற்றி நான் இப்படிச் சொல்லமாட்டேன். பச்சிளம் குழந்தைக்கு ரத்தத் தொற்று சந்தேகம் என்றால் தாமதிக்கிற ஒவ்வொரு மணியும் ஆபத்து. உயிர் காக்கிற மருந்தை உயிருக்கு வைத்துக்கொள்ள வேண்டும், சளிக்கு இல்லை.

கழுதைப்பால் எங்கள் வீட்டில் வாங்கப்படவில்லை. தங்கையின் பால் சுரந்து கொண்டிருந்தது, புளித்த மோர் வாசனையும் திரும்பி வந்தது. துணியைப் பார்த்து முதலில் சொன்னவள் அம்மாதான். ஆறு மாதம் முடிந்து இணை உணவு தொடங்கியதும் அந்த வாசனை மறுபடி மாறியது. அது மாறத்தான் வேண்டும். பைஃபிடோவின் ராஜ்ஜியம் மெல்லக் குறைந்து, நார்ச்சத்தைத் தின்கிற வேறு வகைகள் ஒவ்வொன்றாய் வந்து சேர்ந்து, கிட்டத்தட்ட மூன்று வயதில் பெரியவர்களின் குடலைப் போல ஆகிறது. இந்தக் கட்டத்துக்கு எங்கள் ஊரில் கேழ்வரகு இருக்கிறது. ஊறவைத்து, துணியில் கட்டி முளைவிட்டு, உலர்த்தி, அரைத்துச் சலித்த மாவில் அம்மா கூழ் காய்ச்சுகிறாள். டாக்காவின் மிர்பூரில் அமெரிக்க ஆய்வாளர் ஜெஃப்ரி கார்டன் குழுவினரும் வங்கதேச மருத்துவர்களும், ஊட்டம் குறைந்த குழந்தைகளுக்குக் குடல் கிருமிகளைத் தேற்றுவதற்கென்றே ஒரு உணவைத் தயாரித்தார்கள். கொண்டைக்கடலை, சோயா, வேர்க்கடலை, வாழைக்காய். வழக்கமான சத்துணவைவிடக் கலோரி குறைவாக இருந்தும், அதைச் சாப்பிட்ட குழந்தைகள் நன்றாகத் தேறினார்கள் என்று 2021-இல் எழுதினார்கள். நாலில் மூன்று எங்கள் சந்தையில் வாராவாரம் கிடைப்பவை. வேர்க்கடலையை வறுத்து, தோல் நீக்கி, நைசாகப் பொடித்துக் கூழில் கலக்கிறோம், குழந்தை விரும்பிச் சாப்பிடுகிறாள். வாழைக்காய் மசியலை மட்டும் இன்னும் துப்பிக்கொண்டிருக்கிறாள்.